பாம்பின் கிளாட்டிஸுக்கு ‘மூச்சுவாய்’: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

பாம்புகளின் உடல்மொழி பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பட்டியலில், மூச்சுக்குழலின் திறப்பான ‘கிளாட்டிஸ்’ இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. குரல்வளை வாய், மூச்சுத்துளை, தொண்டைத் துவாரம் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் விட்டு ‘மூச்சுவாய்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. அதோடு தொடர்புள்ள வேறு சில சொற்களையும் பேசுகிறேன். நண்பர்கள் கேட்ட கேள்விகளை இடையிடையே எடுத்துக் காட்டிப் பதில் சொல்கிறேன்.

பாம்பு வாயைத் திறக்கும்போது, கீழ்த்தாடையின் நடுவில், நாக்கு வெளிவரும் உறைக்குச் சற்று மேலே ஒரு சிறு பிளவு தெரியும். மூச்சுக்குழலின் முன்முனை அது. மூச்சு விடும்போது திறக்கும், மற்ற நேரத்தில் மூடியே இருக்கும். நமக்கு இது தொண்டையின் ஆழத்தில் இருக்கிறது. ஒரு கவளம் விழுங்கும் நொடியில் மூச்சு நின்று, உடனே தொடர்கிறது. பாம்புக்கு அது போதாது. தன் தலையைவிடப் பெரிய இரையை, மென்று சிறிதாக்காமல், தாடைகளை மாற்றி மாற்றி நகர்த்தி உள்ளே இழுக்கிறது. பெரிய மலைப்பாம்பு பெரிய விலங்கை விழுங்க மணிக்கணக்கில் ஆகலாம். அவ்வளவு நேரமும் தொண்டை முழுக்க அடைபட்டுக் கிடக்கும். அதனால் மூச்சுக்குழலின் முனையைத் தசைகளால் முன்னே தள்ளி, இரைக்கு அடியிலோ வாயின் ஓரத்திலோ வெளியே நீட்டிக்கொண்டு மூச்சு விடுகிறது. பாம்பு விழுங்கும் காணொளிகளில் கீழ்த்தாடைக்கு மேலே ஈரமாக ஒரு குழாய் முனை எட்டிப்பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். பலர் அதை நாக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘குரல்வளை வாய்’ மனித உடற்கூற்றியலுக்குச் சரி. ஆனால் பெரும்பாலான பாம்புகளுக்குக் குரல்நாண் கிடையாது. அந்தப் பிளவின் முதல் வேலை மூச்சு. சத்தம் அதன் உடன்விளைவு. ‘மூச்சுத்துளை’ என்றதும் பூச்சிகளின் உடலோரத் துளைகள் நினைவுக்கு வரும், மூக்குத்துளை என்றும் சிலர் எடுத்துக்கொள்வார்கள். மேலும் துளை என்பது சும்மா திறந்து கிடப்பது. இதுவோ திறக்கும், மூடும், நகரும். ‘தொண்டைத் துவாரம்’ இடத்தையே தவறாகச் சொல்கிறது.

> ‘மூச்சுவாய்’ என்றால் வாயால் மூச்சு விடுவது என்று படிப்பவர் குழம்ப மாட்டாரா? பாம்பு வாயைத் திறந்து மூச்சு விடுவது நோயின் அறிகுறி என்று நீங்களே எழுதியிருந்தீர்களே.

நியாயமான கேள்வி. மூச்சுத்தடத்தில் தொற்று வந்த பாம்பு தலையை உயர்த்தி, வாயைத் திறந்து வைத்து மூச்சு விடும். சளியும் நுரையும்கூட வரலாம். அதற்கு ‘வாய்மூச்சு’ என்ற சொல்லைத் தனியாக வைத்துவிடலாம். திறப்பு என்ற பொருளில் ‘வாய்’ பின்னொட்டாக வருவது நம்மிடம் புதிதில்லை. எருவாய், புண்வாய் என்று உடல் சார்ந்தே சொல்கிறோம். அந்த வரிசையில் மூச்சுவாய் இயல்பாக உட்கார்ந்துவிடும். விழுங்கும்போது அதை வெளியே தள்ளுவதை ‘மூச்சுவாய் நீட்டல்’ எனலாம். ‘துருத்தல்’ என்று ஒரு நண்பர் சொன்னது அழகான சொல்தான். ஆனால் துருத்தி என்ற சொல் எனக்கு வேறோர் இடத்தில் தேவைப்படுகிறது.

பாம்புக்கு உதரவிதானம் இல்லை. விலா எலும்புகளை அசைத்துத்தான் மூச்சு விடுகிறது. பெரும்பாலான இனங்களில் இடது நுரையீரல் சிறுத்துவிட்டது, அல்லது இல்லவே இல்லை. வலது நுரையீரல் மட்டும் நீண்டு கிடக்கிறது. அதன் முன்பகுதியில்தான் ரத்த நாளங்கள் அடர்ந்திருக்கின்றன. பின்பகுதி பெரும்பாலும் வெறும் பை. இரையைச் சுற்றி இறுக்கும்போதும் பெரிய இரை உள்ளே போகும்போதும் முன்பக்க விலாக்கள் அசைய முடியாதே, மூச்சு எப்படி நடக்கும்? இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும் போவா பாம்புகளின் முன்பக்க விலாக்களை ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையால் கட்டி, ஆய்வாளர்கள் எக்ஸ்ரே வழியே பார்த்தார்கள். 2022இல் வெளிவந்த ஆய்வு அது. முன்பக்கம் கட்டுண்டதும் பாம்பு பின்பக்க விலாக்களுக்கு மாறிக்கொண்டது. பின்பை விரிந்து சுருங்கிக் காற்றை முன்பகுதி வழியாக இழுத்தது. கொல்லன் உலையின் துருத்தி செய்யும் வேலைதான் இது. ஆகவே அந்தப் பைக்குத் ‘துருத்திப்பை’ என்று பெயர் வைக்கக் கேட்கிறேன்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. பட்டை கட்டியதில் எரிச்சலடைந்த சில பாம்புகள் சீறின. சீறுவதற்குப் பாம்பு நுரையீரலை நன்றாக நிரப்புகிறது. அது விடும் பெரிய மூச்சுகளில் அதுவும் ஒன்று. அதனால் விலா அசைவை அளக்க அந்தச் சீற்றமே உதவியது. தற்காப்பும் இரையெடுப்பும் ஒரே விலாக்களையும் ஒரே மூச்சுவாயையும் வைத்து நடப்பவை என்பதால்தான் இந்தச் சொற்களை ஒரே இழையில் பேச விரும்பினேன்.

> ‘ஹிஸ்’ஸுக்குச் ‘சீற்றம்’ இருக்கிறதே, நீங்கள் சொல்லும் ‘சீறொலி’ எதற்கு?

சீற்றம் என்றால் கோபம். பாம்பு கோபத்தில் சீறுகிறது என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார். கண்ணாடிவிரியன் உடம்பை உப்பவைத்துப் பெரிதாகச் சத்தம் எழுப்புவது ‘கிட்டே வராதே’ என்பதற்காக. ஒலியை மட்டும் குறிக்கச் சீறொலி போதும். நாகத்தைவிட ராஜநாகத்தின் ஒலி தாழ்ந்து, உறுமல் போல் வரும். மூச்சுக்குழலை ஒட்டிய சிறு பைகள் அதற்குக் காரணம். அதற்கு ‘உறுமொலி’. சுருட்டைவிரியன் எழுப்பும் ‘சர சர’வில் மூச்சே இல்லை. உடலை மடித்துச் செதிலோடு செதிலைத் தேய்க்கிறது. அதைச் சீறொலியில் சேர்க்கவே கூடாது, ‘செதிலுரசல்’ என்று பிரித்துவிடுவோம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கட்டுவிரியன் பல நேரம் சத்தமே போடாமல் தலையைச் சுருளுக்குள் மறைத்துக்கொள்ளும். சீறவில்லை, எனவே ஆபத்தில்லை என்று ஒருவர் கை வைத்துவிடக் கூடாது. சொல் விளக்கத்தில் இந்த வரி கட்டாயம் இருக்கட்டும்.

படமெடுத்தல் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை, பழைய சொல்லே சரி. விளக்கத்தில் மட்டும் ‘காற்றால் உப்புதல்’ என்று வந்திருப்பதை நீக்க வேண்டும். நாகம் கழுத்து விலாக்களை விரித்துத்தான் படமெடுக்கிறது. காற்றை நிரப்பி உடலின் முன்பகுதியை விரித்து, செதில்களுக்கு இடையே கறுப்பு வெள்ளைத் தோலைக் காட்டுவது பச்சைப்பாம்பு. அதற்கு ‘உடலுப்பல்’ போதும்.

அப்புறம், பாம்பு இரையைச் சுற்றி இறுக்குவதற்குப் பட்டியலில் உள்ள ‘நெரித்தல்’. கழுத்தை நெரித்து மூச்சடைக்க வைப்பதாகவே அந்தச் சொல் படுகிறது. மயக்க மருந்து கொடுத்த எலிகளைப் போவா இறுக்கியபோது அளந்து பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. சில வினாடிகளிலேயே ரத்த ஓட்டம் தடைபடுவதை அது காட்டியது. மூச்சு முட்டிச் சாவதற்கு முன்பே இதயமும் மூளையும் ரத்தமின்றித் தவிக்கின்றன. ‘இறுக்கல்’ என்று மாற்றினால் பொருள் சரியாக வரும்.

எனக்குத் திருப்தியான சொல் கிடைக்காத இடம் ஒன்றுதான்: விலாக்களின் ஒரு பகுதியை நிறுத்திவிட்டு இன்னொரு பகுதியால் மூச்சு விடுவது. ‘பகுதிமாற்று மூச்சு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், நாக்கில் வரவில்லை. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. பாம்பின் மூச்சைத் தலைமுறைகளாகக் கையில் உணர்ந்தவர்கள் அவர்கள். இரையெடுத்த பாம்பின் மூச்சு பின்பக்கம் போவதற்கு அவர்கள் பேச்சில் ஏதாவது சொல் உண்டா என்று, அந்தப் பக்கம் போகக்கூடியவர்கள் கேட்டு எழுதுங்கள். இருந்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே பட்டியலில் சேர்ப்போம்.

அன்புடன்.