படிவத்தில் ‘தேசியம்’, ‘குடியுரிமை’ என்று இரண்டு கட்டங்கள்: இரண்டும் ஒன்றுதானா?

கேள்வி: செவ்வந்தி

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையும் அவள் கணவரும் வேலையின் பொருட்டு வெளிநாட்டில் வசிக்கிறார்கள். சென்ற மாதம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்காக ஒரு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, முதல் பக்கத்திலேயே ‘தேசியம்’ என்று ஒரு கட்டமும் அதன் கீழே ‘குடியுரிமை’ என்று இன்னொரு கட்டமும் இருந்தன. தங்கை இரண்டிலும் ஒரே நாட்டின் பெயரை எழுதியிருக்கிறாள். பிறகு ஐயம் வந்து இரண்டாவதை அடித்துவிட்டு, அந்தத் தாளை அப்படியே படமெடுத்து எனக்கு அனுப்பினாள். எனக்கும் விடை தெரியவில்லை. பிறப்புச் சான்றிதழ் கையில் இருப்பதால் குழந்தை அந்நாட்டுக் குடிமகளாகிவிடுமா? ஆகாவிட்டால் அவளுக்கு அங்கே என்னென்ன உரிமைகள் இருக்கும்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஏட்டுச்சுவடி

அம்மா, பெரும்பாலான நாடுகளில் இரண்டு கட்டங்களிலும் ஒரே பெயர்தான் வரும். தங்கை முதலில் எழுதியதில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் இரண்டு சொற்களும் ஒன்றல்ல. ஒருவர் எந்த அரசைச் சேர்ந்தவர், வெளிநாட்டில் அவருக்கு இடர் நேர்ந்தால் எந்த அரசு அவருக்காகப் பேசும் என்பதைக் குறிப்பது தேசியம். அந்த அரசுக்குள் வாக்களிப்பது, தேர்தலில் நிற்பது போன்ற முழு உரிமைகளோடு இருக்கும் நிலையைக் குறிப்பது குடியுரிமை. (தமிழில் தேசியத்தைத் ‘தேசிய இனம்’ என்றும் எழுதுவதால், மொழியையோ இனத்தையோ கேட்கிறார்கள் என்று பலர் மயங்கிவிடுகிறார்கள். படிவம் கேட்பது அரசோடு உள்ள சட்டத் தொடர்பை மட்டுமே.)

இவ்விரண்டும் பிரிந்து நிற்கும் இடங்களைப் பார்த்தால் வேறுபாடு எளிதில் விளங்கும். மெக்சிகோ அரசியலமைப்பின்படி அங்கே பிறக்கும் குழந்தை பிறந்தவுடனேயே அந்நாட்டுத் தேசியத்தைப் பெறுகிறது. ஆனால் 18 வயது நிறைந்த பிறகே குடிமக்களில் ஒருவராகிறது. பசிபிக் பெருங்கடலில் அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட தீவுப் பகுதியான அமெரிக்க சமோவாவில் பிறப்பவர்கள், பெற்றோர் வழியாகக் குடியுரிமை பெற்றிருந்தாலன்றி, அமெரிக்கத் தேசியத்தவர்கள் மட்டுமே. அவர்கள் அமெரிக்க பாஸ்போர்ட்டில் பயணம் செய்யலாம், அந்நாட்டின் எந்த மாநிலத்திலும் வசிக்கலாம். ஆனால் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அந்த பாஸ்போர்ட்டிலேயே, இவர் குடிமகன் அல்லர் என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மனிதர் கையில் வைத்திருக்கும் ஆவணமே அவருடைய உரிமையின் எல்லையைச் சொல்லிக்கொண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துப்போகிறது.

பிறப்புச் சான்றிதழைப் பொறுத்தவரை, எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தது என்பதற்கு அது சான்று. அதுவே குடியுரிமை ஆகிவிடாது. பிறந்த மண்ணை அடிப்படையாகக் கொள்ளும் நாடுகளில் அந்தச் சான்று ஏறக்குறைய போதுமானது. பெற்றோரின் வழியை அடிப்படையாகக் கொள்ளும் நாடுகளில், அங்கேயே பிறந்து வளர்ந்தாலும் குழந்தை வெளிநாட்டவராகவே கருதப்படலாம்.

பதில்: தென்றல்வழி

உரிமைகள் பற்றிய கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். குடியுரிமை இல்லாவிட்டால் எந்த உரிமையும் இல்லை என்று பலர் அஞ்சுகிறார்கள், அது சரியன்று. 1966இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். உயிர் வாழும் உரிமை, சித்திரவதைக்கு உள்ளாகாமை, நியாயமான விசாரணை, சமய சுதந்திரம் ஆகியவை அதில் எல்லா மனிதருக்கும் உரியவையாகவே எழுதப்பட்டுள்ளன. வாக்களிப்பு, தேர்தலில் போட்டியிடுதல், அரசுப் பணியில் சேர்தல் ஆகியவற்றைப் பேசும் 25ஆம் பிரிவு மட்டுமே ‘குடிமக்கள்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது.

அந்த எல்லையும் நாட்டுக்கு நாடு நகர்கிறது. நியூசிலாந்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றவர்கள், குடியுரிமை பெறாமலேயே, உரிய காலம் அங்கு வசித்த பிறகு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். மறுபுறம், சுவிட்சர்லாந்தில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிமக்களாக இருந்தும், கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1971இல்தான் அவர்களுக்குக் கிடைத்தது. ஆகவே, எந்த உரிமை எதைச் சார்ந்து நிற்கிறது என்பதைத் தனித்தனியாகவே கேட்டறிய வேண்டும்.

செவ்வந்தி

இருவருக்கும் மிக்க நன்றி. இப்போது இன்னோர் அச்சம் வந்துவிட்டது. பிறந்த நாடும் தராமல், பெற்றோரின் நாடும் தராமல் போனால் குழந்தையின் நிலை என்ன?

பதில்: கரையோரம்

அம்மா, அப்படி நேர்ந்தவர்களை ‘நாடற்றவர்கள்’ என்று அழைக்கிறார்கள். எந்த நாட்டின் சட்டமும் தன் தேசியத்தவராக ஏற்காத ஒருவர் என்று நாடற்றவர்களின் நிலை குறித்த 1954ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை இவர்களை வரையறுக்கிறது. மொழிபெயர்ப்பாளனாக நான் உதவிய ஓர் இளைஞரை என்னால் மறக்க இயலாது. ஒரு நெகிழிப் பைக்குள் ஏழெட்டுக் கடிதங்களை அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்திலிருந்து வந்தது. எல்லாவற்றிலும் ‘தாங்கள் எங்கள் நாட்டவர் அல்லர்’ என்ற ஒரே செய்திதான். மடித்து மடித்து, அந்தத் தாள்கள் மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தன. அவர் பிறந்தபோது பெற்றோர் செய்யத் தவறியது ஒரே ஒரு பதிவுதான்.

இந்நிலையைத் தடுக்கவே 1961இல் இன்னோர் உடன்படிக்கை வந்தது. வேறு எந்தத் தேசியமும் கிடைக்காத குழந்தைக்கு, அது பிறந்த நாடே தன் தேசியத்தை வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அதில் சேர்ந்த நாடுகளையே அது கட்டுப்படுத்தும். சில நாடுகள் விண்ணப்பித்த பிறகே வழங்குகின்றன. 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, குழந்தையைப் பிறந்தவுடன் பதிவு செய்ய வேண்டும் என்கிறது.

எனவே தங்கையிடம் மூன்றைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பெற்றோரின் நாட்டுத் தூதரகத்தில் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யக் காலக்கெடு உண்டா? தாயின் வழியாகவும் குழந்தைக்குக் குடியுரிமை வருமா, தந்தையின் வழியாக மட்டுமா? சில நாடுகளில் இன்னும் இரண்டாவது நிலைதான். பிறந்த நாடும் தன் குடியுரிமையைத் தந்தால், இரண்டையும் வைத்துக்கொள்ளப் பெற்றோரின் நாடு அனுமதிக்கிறதா? தூதரகத்திலிருந்து எழுத்து வடிவில் விடை வந்த பிறகு அந்த இரண்டாவது கட்டத்தை நிரப்பினால் போதும். அடித்தல் உள்ள தாளை அனுப்பாமல் புதிய படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.