புயல் நேரத்துக் கரையோரப் பறவைகள்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்று

உப்பளத்தான்:
ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், 2024 டிசம்பர் 1, மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலை எப்படிக் கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது, அதை விடுங்கள். கழுவெளி ஏரிப் பக்கம் போக வழியில்லாமல் மீனவர் குப்பத்துக் கரையில் நின்றேன். கவிழ்த்து வைத்த ஃபைபர் படகுக்கு அடியில் சூட்டி டெர்ன் என்கிற ஆலா ஒன்று. நடுக்கடல் பறவை, முட்டையிடத்தான் தரைக்கு வரும். மேலே கன்னங்கரேல், கீழே வெள்ளை, நெற்றியில் சுண்ணாம்பை இழுவிவிட்டது போல ஒரு திட்டு. மண்டியிட்டு லென்ஸைத் தூக்கினால், அது எழுந்து என்னை நோக்கி நடந்து வருகிறது. ஆலா நடந்து பார்த்திருக்கிறீர்களா? குட்டைக் கால், தத்தித் தத்தி. வந்து என் கேமரா பைக்குப் பின்னால், காற்று படாத பக்கமாக ஒண்டிக்கொண்டது. என் 600 மி.மீ. லென்ஸுக்குச் சில மீட்டராவது தள்ளி இருந்தால்தான் ஃபோகஸ் கிடைக்கும். பறவையோ கைக்கெட்டும் தூரத்தில். இறகில் ஒட்டியிருந்த மணல்கூடத் தெரிந்தது, படம்தான் ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போனது. கடல் பக்கம் இல்லை, தென்னந்தோப்புப் பக்கம். அதுதான் உறுத்துகிறது.

பவழக்கால்:
அண்ணே, சூட்டிதான் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? புயலில் ஒதுங்குவதில் பிரைடில்டு டெர்ன் என்கிற இன்னொரு ஆலாவும் உண்டு. நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றால் சூட்டி. கண்ணைத் தாண்டிப் புருவமாகப் பின்னால் ஓடினால் பிரைடில்டு. முதுகு நல்ல கருப்பா, சாம்பல் கலந்த பழுப்பா என்றும் பார்க்க வேண்டும். படமில்லாமல் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் சரிபார்ப்பவர் கேள்வி கேட்கத்தான் செய்வார்.

என் கதை சின்னது. கோடிக்கரை, ஐப்பசி அடைமழை. சேற்றில் வளைமூக்கு உள்ளான் கூட்டம். அதில் ஒன்றின் காலில் பறவை எங்கே போகிறது என்று அறிய வளையம் போட்டவர்கள் மாட்டிய கொடி, எழுத்தோடு. சைபீரியாவின் வடகோடியிலிருந்து வரும் பறவை, அந்த எழுத்தைப் படித்துவிட்டால் எங்கே மாட்டியது என்று தெரிந்துவிடும். தவழ்ந்து தவழ்ந்து கிட்டே போனேன். சரியாக அப்போது கொடி இருந்த காலை மடக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு ஒற்றைக்காலில் தூங்க ஆரம்பித்தது. மழை வலுத்ததும் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிட்டது.

முத்துநகர் லென்ஸ்:
பவழக்கால், மனுஷன் பறவை பக்கத்தில் வந்து நின்ற கதையைச் சொல்கிறார், நீங்கள் ஆதாரம் கேட்கிறீர்கள். பட்டியலில் ஏறாவிட்டால் அது பறவை இல்லையா?

எனக்கு உறுத்துவது வேறு. தனுஷ்கோடி, கார்த்திகைக் கடைசி, பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். அரிச்சல்முனைச் சாலைக்கு வடக்கே ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள், எல்லாம் வாடைக்கு எதிரே முகம் வைத்து நின்றன. பெரிய லென்ஸோடு வந்த ஒருவர் பறக்கிற படம் வேண்டும் என்று முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கை தட்டினார். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது, தண்ணீர் மேல் ஓடித்தான் எழ வேண்டும். எல்லாம் ஓடி எழுந்தன. சாம்பல் நிறக் குஞ்சு ஒன்று மட்டும் ஓடியது, றெக்கையை விரித்தது, காற்று பக்கவாட்டில் அடித்ததும் உட்கார்ந்துவிட்டது. மறுபடி ஓடியது, மறுபடி உட்கார்ந்தது. அவர் அதையும் எடுத்துக்கொண்டிருந்தார். 2025 ஜூனில் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். இனிமேலாவது யாராவது தடுப்பார்களா என்று பார்க்க வேண்டும்.

பவழக்கால்:
கை தட்டியவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் புயலில் எந்தப் பறவை எங்கே ஒதுங்கியது என்ற பதிவு தப்பாகப் போனால் அது எத்தனை வருஷமானாலும் தப்பாகவே நிற்கும். அதனால்தான் கேட்டேன்.

மழைக்கோட்டு மாமா:
பழவேற்காடு, அடைமழை நாள். ஆலாக் கூட்டத்துக்குள் பொரி வல்லூறு ஒன்று மேலிருந்து செங்குத்தாக இறங்கியது. கேமரா பட்டனை அழுத்திப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் ஒரே மூட்டம், லென்ஸ் முகப்பில் கடல் திவலை காய்ந்துபோயிருக்கிறது. அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கரையில் இருக்கும்போது உப்பைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புத் துகளே கண்ணாடியைக் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், அப்புறம் காய்ந்த துணி. லென்ஸ் மாற்றும் வேலையைக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் உள்ளே பனி பூக்கும், பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வையுங்கள். அரிசி டப்பாவில் புதைக்கிற வைத்தியம் வேண்டவே வேண்டாம், மாவுத்தூசி உள்ளே போகும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மலிவுதான். முக்காலியை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துங்கள், அதைவிட மணலில் படுத்துப் பீன் பேக் (மணி நிரப்பிய சிறு பை) மேல் கேமராவை வைப்பது மேல்.

உப்பளத்தானுக்கு: அடுத்த முறை கடற்பறவை அப்படிச் சோர்ந்து ஒதுங்கினால், துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாவம் என்று கடலைப் பார்த்துத் தூக்கி எறிகிறார்கள், அதுவும் கூடாது. வனத்துறைக்குச் சொல்லி ஒப்படையுங்கள்.

தலைமன்னாரான்:
மாமாவின் சிலிக்கா ஜெல் வகுப்பு முடிந்ததா? சரி, என் கதை. மன்னாரில் கடும் வாடை, மணல்திட்டில் நண்டுண்ணிகள் நெருங்கி நின்றன. வளைகுடா நாடுகளின் கரையில் மணலில் வளை தோண்டி முட்டையிடுகிற பறவை, எங்கள் பக்கம் மாரிக்கு வரும். குஞ்சும் கூடவே வரும், வளர்ந்த பிறகும் தாயிடம்தான் சாப்பாடு கேட்கும். அன்றைக்குச் சாம்பல் முதுகுக் குஞ்சொன்று கூனிக்கொண்டு தாயின் பின்னால் கத்திக் கத்தித் திரிந்தது. தாய் ஒரு நண்டைப் பிடித்து, உதறிக் காலைக் கழற்றி, உடம்பைக் குஞ்சுக்கு நீட்டுகிற நேரம் பெரிய அலையொன்று திட்டின் மேலே ஏறியது. எல்லாம் எழும்பின. குஞ்சின் வாய்க்கு நண்டு போனதா இல்லையா என்பதுதான் இன்றுவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு படம் இருக்கிறது, கொஞ்சம் ஆடிவிட்டது. தாயின் அலகில் நண்டு வடிவாகத் தெரிகிறது. வேண்டுமென்றால் போடுகிறேன், கேமராவின் ஐ.எஸ்.ஓ. அமைப்பைப் பற்றி மட்டும் யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.