கோல்ஃப்: ஹேண்டிகேப் 14, ஃபோர்ஜ்டு பிளேடு செட் ஒண்ணு கைக்கு வருது, வாங்கலாமா? உதவுங்க

கோவை செவன் அயர்ன்

வணக்கம்ங்க. நான் கோயம்புத்தூர், செட்டிபாளையம் கோர்ஸ்ல வாரத்துக்கு ரெண்டு நாள் ஆடறேன், ஆட ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு, ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (கம்மியா இருந்தா நல்ல ஆட்டம்) இப்போ 14.2. கையில இருக்கறது பிங் கம்பெனியோட ஜி425 அயர்ன் செட், நாலு வருஷமா அதுதான், குறைன்னு ஒண்ணும் சொல்ல முடியாது. இப்ப என்னன்னா எங்க கூட ஆடற சீனியர் ஒருத்தர் டைட்லிஸ்ட் 620 எம்பிங்கற ஃபோர்ஜ்டு பிளேடு செட்ட, 4ல இருந்து பிட்ச்சிங் வெட்ஜ் வரைக்கும், டைனமிக் கோல்ட் எஸ்300 ஷாஃப்ட்டோட (தண்டு), 75 ஆயிரத்துக்குத் தர்றேங்கறார். மெல்லிசா, பளபளன்னு, கத்தி மாதிரி இருக்குதுங்க. பார்த்ததுல இருந்து தூக்கம் வரல.

போன மாசம் கொடைக்கானல் போனப்ப அவரோட 7 அயர்ன வாங்கி நாலு பந்து அடிச்சேன். அதுல ஒண்ணு நடுவுல பட்டுது பாருங்க, கையில ஒண்ணுமே தெரியல, வெண்ணெய்ல கத்தி எறங்குன மாதிரி, பந்து 165 யார்ட் போயிருச்சு. ஜி425ல அப்படி ஒரு ஃபீல் எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. ஆனா மத்த மூணு பந்தும் நடுவுல படலைங்கறதையும் சொல்லிடறேன், ஒண்ணு கை எரிஞ்சு போச்சு.

எல்லாரும் ஃபோர்ஜ்டுன்னா நல்லா ஆடறவங்களுக்குத்தான், கொஞ்சம் தப்பா பட்டாலும் மன்னிக்காது மன்னிக்காதுங்கறாங்க. என் ஆட்டத்துக்கு அது சரிப்படுமா இல்லையான்னு எதை வெச்சு முடிவு பண்றது? ஹேண்டிகேப் நம்பர வெச்சா, இல்ல வேற ஏதாச்சும் வழி இருக்குதுங்களா? ஞாயித்துக்கிழமைக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும்.

நந்தனம் காலை டீ டைம்

தம்பி, நான் சொல்றேன், வாங்கிடுங்க. நான் சென்னை காஸ்மோபாலிட்டன் கிளப்ல 20 வருஷமா ஆடறேன், நாங்க கத்துக்கிட்டப்ப எங்க கைக்குக் கிடைச்சதெல்லாம் பிளேடுதான், அதுலதான் அடி திருந்துச்சு. தப்பா பட்டா கையே சொல்லிடும், அந்த மாதிரி சொல்லித்தர்ற வாத்தியார் கிடைக்க மாட்டார். கேவிட்டி பேக்ல (உங்க ஜி425 மாதிரி பின்பக்கம் குழிவா இருக்கறது) டோவுல, அதாவது நுனிப்பக்கம் பட்டாலும் பந்து எப்படியோ போய் கிரீன் ஓரத்துல விழுந்துடும், நாமளும் நல்லா அடிச்சோம்னு நெனச்சுக்கிட்டு நடந்துடுவோம். மனசுக்குப் புடிச்ச கிளப் கையில இருந்தா பிராக்டிஸ் போகத் தோணும், அது சின்ன விஷயம் இல்ல.

மெழுகு வார்ப்பு

மேல அண்ணன் சொன்னதுல பாதிக்கு ஒத்துக்கறேன், ஆனா முதல்ல ஒரு குழப்பத்தத் தீர்த்துக்கணும். ஃபோர்ஜ்டுங்கறது செய்யற முறை, மன்னிக்குமா மன்னிக்காதாங்கறது வடிவம். ரெண்டும் வேற வேற.

கோயம்புத்தூர்க்காரர்ங்கறதால ஃபவுண்ட்ரி தெரிஞ்சிருக்கும். ஜி425 வார்ப்பு, 17-4 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல உருக்கி ஊத்தறது, மெழுகுல அச்சு எடுத்து அதுமேல கூடு கட்டி மெழுகக் கரைச்சுட்டு உலோகம் ஊத்துவாங்க, நம்ம சுவாமிமலையில ஸ்தபதிங்க சாமி சிலை வார்க்கறாங்களே அடிப்படையில அதே வழிதான். ஃபோர்ஜிங்னா கொல்லுப்பட்டறை வேலை, மிருதுவான கார்பன் ஸ்டீல் கம்பியப் பழுக்கக் காய்ச்சி அச்சுல வெச்சு அடிக்கறது. மிசுனோவுக்கு ஹிரோஷிமாவுல இதுக்குன்னே பட்டறை இருக்கு, 1025ன்னு ஒரு ஸ்டீல், கேள்விப்பட்டிருப்பீங்க.

மன்னிக்கறது எங்க இருந்து வருதுன்னா எடை எங்க உட்கார்ந்திருக்குங்கறதுல இருந்து. பிங் ஆரம்பிச்ச கார்ஸ்டன் சோல்ஹைம் ஒரு இன்ஜினியர், அவர்தான் எடைய நடுவுல இருந்து எடுத்து ஹீலுக்கும் (ஷாஃப்ட் சேர்ற பக்கம்) டோவுக்கும் ஓரத்துல ஒதுக்குனா பந்து ஓரத்துல படறப்ப கிளப் தலை கம்மியாத் திரும்பும்னு அந்த யோசனையப் பெருசா கொண்டுவந்தவர். பிளேடுல அந்த எடை முழுக்க நடுவுக்குப் பின்னால குவிஞ்சிருக்கு, அதனாலதான் நடுவுல பட்டா அந்த வெண்ணெய், ஓரத்துல பட்டா அந்த எரிச்சல். இன்னும் ஒண்ணு, அந்த ஃபீல்ங்கறதுல பெரிய பங்கு சத்தம். அடுத்த தடவை காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு அடிச்சுப் பாருங்க, நான் செஞ்சு பார்த்திருக்கேன்.

அதனால ஃபோர்ஜ்டுலயே கேவிட்டி இருக்கு, டைட்லிஸ்ட் டி150 மாதிரி. உள்ள கூடு மாதிரி வெச்சு செஞ்ச டெய்லர்மேட் பி790யும் ஃபோர்ஜ்டுதான், அது நல்லாவே மன்னிக்கும். உங்களுக்கு வர்றது 620 எம்பி, எம்பின்னாலே மசில்பேக், முழு பிளேடு. கேள்வி "ஃபோர்ஜ்டு வாங்கலாமா"ன்னு இல்ல, "பிளேடு வாங்கலாமா"ன்னு மாத்திக்கிட்டா பதில் தானா தெளியும்.

சிங்கப்பூர் ரேஞ்ச் பக்கெட்

சகோ, முதல்ல அந்த 165 யார்ட மறந்துடுங்க. கொடைக்கானல் 7000 அடி உயரம், காத்து லேசு, அங்க பந்து ஏறக்குறைய 7, 8 சதவீதம் கூடப் பறக்கும், கோயம்புத்தூர்ல அதே அடி 152, 153தான். 1895ல இருந்து அங்க கோல்ஃப் ஆடறாங்க, கீழ இருந்து போன ஒவ்வொருத்தரும் அங்க தன்னப் பெரிய ஆளா நெனச்சுக்கிட்டுத்தான் எறங்கி வருவாங்க, நானும் அப்படித்தான் வந்தேன்.

ரெண்டாவது, நம்பர் பார்த்து கம்பேர் பண்ணாதீங்க, லாஃப்ட் (பந்து படற முகத்தோட சாய்வு) பார்த்து பண்ணுங்க. உங்க ஜி425 7 அயர்ன் 30 டிகிரி, 620 எம்பி 7 அயர்ன் 35 டிகிரி. உங்க 8 அயர்ன் 34.5. அப்ப பிளேடோட 7 அயர்ன உங்க 8 அயர்ன் கூட வெச்சுத்தான் அடிக்கணும், இல்லன்னா "அய்யோ தூரம் போகல"ன்னு தப்பா முடிவு எடுப்பீங்க.

ஹேண்டிகேப் வெச்சு முடிவு பண்ணாதீங்கங்கறேன். இண்டெக்ஸ்ங்கறது கடைசி 20 ரவுண்டுல சிறந்த 8 ரவுண்ட வெச்சு வர்ற கணக்கு, அதுல உங்க புட்டிங், சிப்பிங், டிரைவர் எல்லாம் கலந்திருக்கு. 14 ஹேண்டிகேப்ல அயர்ன் மட்டும் அருமையா அடிச்சு கிரீன்ல மூணு புட் போடறவங்க இருக்காங்க, 8 ஹேண்டிகேப்ல அயர்ன் சுமாரா அடிச்சு சிப்பிங்ல காப்பாத்தறவங்களும் இருக்காங்க. உங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பந்து ஃபேஸ்ல, அதாவது கிளப்போட முகத்துல எங்க படுதுங்கற கணக்கு.

இப்படிச் செய்யுங்க. அந்த சீனியர் கிட்ட 7ம் 5ம் மட்டும் ரெண்டு நாளைக்கு இரவல் கேளுங்க. ஃபேஸ்ல டால்கம் பவுடர் லேசாத் தூவி ஒவ்வொரு அடிக்கும் எங்க தடம் விழுதுன்னு போட்டோ எடுங்க, தொடைச்சுட்டு திரும்பத் தூவுங்க. உங்க 8ல 30 பந்து, பிளேடு 7ல 30 பந்து, ஒரே அடியா அடிக்காதீங்க, அஞ்சு அஞ்சா மாத்தி மாத்தி. களைச்சுப் போனப்புறம் வர்ற அடியும் கணக்குல வரணும், 14வது ஹோல்ல நீங்க அப்படித்தான் இருப்பீங்க. நண்பர் யாராவது லாஞ்ச் மானிட்டர் (அடிச்ச பந்த அளக்கற கருவி) வெச்சிருந்தா கேரி தூரத்தையும் (தரையத் தொடறதுக்கு முன்னால பறக்கற தூரம்) எழுதுங்க, முக்கியமா நல்ல அடிக்கும் கெட்ட அடிக்கும் எத்தன யார்ட் வித்தியாசம்ங்கறத. அந்த வித்தியாசம்தான் கிரீனுக்கும் முன்னால இருக்கற மணல் பங்கருக்கும் நடுவுல இருக்கற தூரம்.

5 அயர்ன விட்டுடாதீங்க. 8, 9 எல்லாம் பிளேடுல யாருக்கும் ஓரளவு வரும், 5லதான் உண்மை தெரியும். ஸ்காட்டி ஷெஃப்லரே பி7டிடபிள்யூ பிளேட 5ல இருந்துதான் வெச்சிருந்தார், 3க்கும் 4க்கும் அடிக்க சுலபமான ஸ்ரிக்ஸன் யூட்டிலிட்டி அயர்ன் போட்டு பல டோர்னமெண்ட் ஜெயிச்சார். உலக நம்பர் 1 நீள அயர்ன்ல உதவி வாங்கறப்ப நமக்கென்ன.

பழைய கேடி, இப்ப பயிற்சி

தம்பி உங்க உயரம் எவ்வளவு, கிளப்ப யாராச்சும் அளந்து குடுத்தாங்களா? பவுடர் போட்டுப் பார்த்துட்டு தடம் எந்தப் பக்கம்னு இங்க வந்து சொல்லுங்க. அப்புறம் நம்ம ஊர் தரை. மழைக்கு முன்னால ஃபேர்வே எல்லாம் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும், பிளேடுக்கு சோல் (அடிப்பாகம்) மெல்லிசு, பந்துக்கு முன்னாடி தரையத் தொட்டுட்டீங்கன்னா ஜி425 அகலமான சோல்ல வழுக்கிக்கிட்டாவது போகும், பிளேடு அங்கேயே நின்னுடும், மணிக்கட்டு வாங்கும். நான் சின்னப் பையனா பை தூக்குன காலத்துல அப்படி மணிக்கட்டு போய் ரெண்டு மாசம் ஆடாம இருந்த சார்கள எல்லாம் பார்த்திருக்கேன். டைனமிக் கோல்ட் எஸ்300 ஷாஃப்ட்டு 130 கிராம் கிட்ட வரும், உங்க கையில இப்ப இருக்கறது என்ன எடைன்னும் பாருங்க. பாதிப் பேரு தலையக் குறை சொல்லுவாங்க, தப்பு ஷாஃப்ட்டுல இருக்கும்.

கோவை செவன் அயர்ன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு எதிர்பார்க்கல. சீனியர் தங்கமான மனுசன், கேட்டதும் 7ம் 5ம் குடுத்துட்டார். நேத்தும் இன்னைக்கும் காலைல அடிச்சேன், நண்பரோட லாஞ்ச் மானிட்டரும் கிடைச்சுது. அப்படியே எழுதறேன்.

என் 8 அயர்ன், 30 பந்து: நடுவுல 12, டோ பக்கம் 13, ஃபேஸோட கீழ் ஓரத்துல (இதத்தான் தின்ங்கறது) 5. நடுவுல பட்டது சராசரி 140 யார்ட், டோவுல பட்டது 133.

பிளேடு 7 அயர்ன், 30 பந்து: நடுவுல 11, டோ 14, தின் 5. நடுவுல பட்டது 138, டோவுல பட்டது 122. அதுலயும் பாதி வலது பக்கம் ஒதுங்கிருச்சு.

அதாவது எங்க படுதுங்கறதுல ரெண்டு கிளப்புக்கும் ஒரு வித்தியாசமும் இல்லைங்க, தப்போட விலைதான் வேற. என் 8ல 7 யார்ட் போகுது, பிளேடுல 16. பிளேடு 5 அயர்ன் 20 பந்து அடிச்சேன், 6தான் நடுவுல, மத்தது தாழ்வாப் போய் ஓடிருச்சு, எந்த கிரீன்லயும் நிக்காது.

என் உயரம் 5 அடி 11. கிளப்ப யாரும் அளக்கல, அப்படியே கடைல எடுத்தது, கருப்புப் புள்ளி (பிங் லை கோணத்தக் காட்டப் போடற அடையாளம்) போட்டது. என் ஷாஃப்ட் இதவிட நல்லா லேசுங்க, 20வது பந்துக்கு அப்புறம் தோள் இழுத்துச்சு.

பழைய கேடி, இப்ப பயிற்சி

இதுதான் நான் எதிர்பார்த்தது. 30ல 13 டோவுல படுதுன்னா அது கிளப்போட கதை இல்ல தம்பி, நீங்க பந்துல இருந்து தள்ளி நிக்கறீங்க. ஒரு கட்டைவிரல் அளவு கிட்ட போங்க, கிளப்ப பந்துக்குப் பின்னால நடுவா வெச்சு, ஹீலுக்கு உள்பக்கம் (உங்க கால் பக்கம்) ஒட்டினாப்ல ஒரு டீயக் குத்தி வெச்சு, அந்த டீயத் தொடாம பத்துப் பத்தா அடிங்க.

கூடவே லை ஆங்கிள் (ஷாஃப்ட்டுக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற கோணம்) பாருங்க. பந்துல மார்க்கர்ல ஒரு நேர் கோடு போட்டு, கோடு ஃபேஸ் பக்கம் செங்குத்தா இருக்கற மாதிரி வெச்சு அடிங்க, மை ஃபேஸ்ல ஒட்டும். கோடு செங்குத்தா விழுந்தா சரி. மேல் நுனி ஹீல் பக்கம் சாஞ்சிருந்தா லை படுத்திருக்கு, டோ தரையில இடிக்குது, பந்து வலது போகும். 5 அடி 11க்கு பிங்ல நீலப் புள்ளி வேண்டியிருக்கலாம், கருப்பு ஸ்டாண்டர்டு. 17-4 ஸ்டீல் முரடு, தெரியாதவங்க கையில குடுத்து வளைக்காதீங்க, பிங்குக்குன்னு வேலை தெரிஞ்ச ஃபிட்டர் கிட்டப் போங்க. ஃபோர்ஜ்டுல இந்த ஒரு வசதி உண்டு, மிருதுவான ஸ்டீல் ரெண்டு டிகிரி வரைக்கும் சுலபமா வளையும்.

நந்தனம் காலை டீ டைம்

தம்பி கணக்கப் பார்த்ததும் நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். 16 யார்ட் பெரிய விலை. அப்ப எங்க கைக்கு வேற கிளப் கிடைக்கல, அதனால பிளேடு, உங்களுக்கு வேற வழி இருக்கு. ஆனா அந்த 7 அயர்ன் மட்டும் யாராச்சும் தந்தா பிராக்டிஸுக்கு வெச்சுக்கோங்க, வாத்தியார்னு சொன்னேனே அதுல மாத்தமில்ல.

கோவை செவன் அயர்ன்

பத்து நாள் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. டீ குத்தி வெச்சு அடிச்சதுல தெளிவா தெரிஞ்சுது அண்ணா, ரெண்டு மூணு நாள் பந்து கால்ல ஒட்டி இருக்கற மாதிரி பயமா இருந்துச்சு, அப்புறம் பழகிருச்சு. நேத்து திரும்ப 30 பந்து பவுடர் போட்டு: என் 8ல நடுவுல 20, டோ 7, தின் 3. பிளேடு 7ல 18, 8, 4. மார்க்கர் கோடும் ஹீல் பக்கம்தான் சாஞ்சுது.

செட்ட வாங்கல. சீனியர் கிட்ட 8, 9, வெட்ஜ் மட்டும் பிரிச்சுத் தர முடியுமான்னு கேட்டேன், செட்ட உடைக்க மனசில்லைங்கறார், நியாயந்தானுங்க. அவருக்கு வேற ஆள் கிடைச்சாச்சு, 5 ஹேண்டிகேப், நல்லா ஆடற பையன், அவன் கையில அது இருக்கறதப் பார்க்க எனக்கே சந்தோசமா இருந்துச்சு. பிராக்டிஸுக்கு பழைய பிளேடு 7 ஒண்ணு தேடிட்டு இருக்கேன், எந்த கம்பெனியா இருந்தாலும் சரி, யார்கிட்டயாவது சும்மா கிடந்தா சொல்லுங்க.

ஜி425 நீலப் புள்ளிக்கு வளைக்க இந்த வாரம் பெங்களூர் போறேன், அங்க ஒரு ஃபிட்டர் கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். அங்கேயே டி150யையும் அடிச்சுப் பார்க்கப்போறேன், 7 அயர்ன் இல்லைங்க, 5 அயர்ன்.