கல்வெட்டில் 'பாரத ரத்னா காமராசர்' என்று பொறிக்கலாமா?

எங்கள் ஊர் நூலகத்துக்குக் காமராசர் பெயர் வைக்கிறோம். கல்வெட்டு வாசகம் 'பாரத ரத்னா கு. காமராசர் நூலகம்'. பக்கத்தில் பதக்கத்தையும் செதுக்க வேண்டும். சிற்பி வட்டமாக வரைந்து காட்டினார், நடுவில் சிங்க முத்திரை. சரிதானா? இன்னொன்று: வேறொருவருக்கு இந்த விருது கேட்டு மனுப்போட படிவம் எங்கே கிடைக்கும்?

செப்பேடு:
பெயருக்கு முன்னால் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். அரசியல் சட்டம் 18(1) பட்டங்களை ஒழித்துவிட்டது. இது பட்டம் அல்ல, விருது. அதனால்தான் செல்லும் என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்றவரே பெயரோடு ஒட்டிப் போடக்கூடாது. 'கு. காமராசர் நூலகம்' என்று பெரிதாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் 'பாரத ரத்னா விருது பெற்றவர் (மறைவுக்குப் பின், 1976)' என்று போடுங்கள். அழைப்பிதழுக்கும் இதே வாசகம்தான்.

உளிக்காரன்:
சிற்பியை நிறுத்துங்கள்! வட்டம் 1954-ல் முதலில் அறிவித்த வடிவம். பிறகு அரச இலையாக மாற்றிவிட்டார்கள். நீளம் 5.8 செ.மீ., அகலம் 4.7 செ.மீ., நடுவில் 1.6 செ.மீ. விட்டமுள்ள கதிர்விடும் சூரியன், அதன் கீழே தேவநாகரியில் 'பாரத ரத்ன'. பத்து மடங்காக்கினால் 58-க்கு 47, சூரியன் 16. இலையை அகலமாக்கிவிட்டால் வெற்றிலை மாதிரி ஆகிவிடும், எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். சிங்க முத்திரை பின்பக்கம் இருப்பது. முன்பக்கத்தை மட்டும் செதுக்குங்கள். அரசு முத்திரையைத் தனியார் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. வண்ணம் தீட்டினால் இலை வெண்கல நிறம், சூரியனும் விளிம்பும் பிளாட்டின வெள்ளை. நாடாவும் வெள்ளைதான், மூவர்ணம் தீட்டிவிடாதீர்கள்.

செப்பேடு:
படிவம் கிடையாது. பிரதமர் நேரடியாகக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைப்பார், முறையான மனு எதுவும் தேவையில்லை. ஆண்டுக்கு மூவர் என்பது வரம்பு; ஆனாலும் 1999-ல் நால்வருக்கும் 2024-ல் ஐவருக்கும் கொடுத்தார்கள். இணையத்தில் இருக்கும் படிவம் பத்ம விருதுகளுக்கானது, அதற்கு ராஷ்ட்ரீய புரஸ்கார் தளத்தில் யாரும் பரிந்துரைக்கலாம்.

கேட்டவர்:
நன்றி. பணமுடிப்பு எவ்வளவு என்றும் கல்வெட்டில் போடச் சொல்கிறார் ஒருவர்.

உளிக்காரன்:
ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பதக்கமும் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றும்தான்.