பத்தாம் வகுப்பு மகனுக்கு ஏ.டி.எச்.டி. மருந்து: அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை அம்மா

வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு) இருப்பதைக் கோயம்புத்தூரில் மனநல மருத்துவர் ஒருவர் உறுதிசெய்து, மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கி, இப்போது காலையிலும் நண்பகலிலும் 10 மில்லிகிராம் வீதம் கொடுத்து வருகிறார். வகுப்பில் கவனம் கூடியிருப்பதாக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஆனால் மதியச் சோறு அப்படியே திரும்பி வருகிறது, மாலையில் டியூஷனுக்குப் புறப்படும் நேரத்தில் எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைக்கு மாறலாம், இல்லையெனில் அடோமாக்செட்டின் என்ற வேறு மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம், அடுத்த முறை வரும்போது முடிவு செய்வோம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பொள்ளாச்சியில் உள்ள உறவினர் மகன் 36 மில்லிகிராம் சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டதிலிருந்து, நம் பையனுக்கு 20 போதவில்லை என்கிறார் என் கணவர். மாமியாரோ உள்ளதையும் நிறுத்தச் சொல்கிறார். போதாக்குறைக்கு, எங்கள் பக்கத்துக் கடைகளில் இந்த மாத்திரையே கிடைப்பதில்லை. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கோவை சிறப்பாசிரியர்

சகோதரி, 36, 20 என்ற இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க முடியாது. உங்கள் மகன் சாப்பிடுவது உடனடியாக வேலை தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் அடங்கிவிடும் மாத்திரை. ஒரு நாளுக்கு ஒன்று என்று காலையில் விழுங்கி, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் மெல்லக் கசியும் வகையைத்தான் உறவினர் மகன் சாப்பிடுகிறான் என்றால், அந்த 36 மில்லிகிராம், 10 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு அல்லது மூன்று வேளை கொடுப்பதற்குச் சமமாகவே மருத்துவத்தில் கணக்கிடப்படுகிறது. ஆகவே உங்கள் மகன் குறைவாகச் சாப்பிடுகிறான் என்று உங்கள் கணவர் கவலைப்பட வேண்டியதில்லை.

மெத்தில்ஃபெனிடேட்டுக்கு எடையையோ வயதையோ பார்த்து அளவைச் சொல்லிவிட முடியாது என்பதால், சிறிய அளவில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படியாகக் கூட்டி, பலனும் தொந்தரவும் எங்கே ஈடாகின்றன என்று பார்ப்பதே முறை. அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து நடத்தி 1999இல் வெளியிட்ட, ஏ.டி.எச்.டி. சிகிச்சை முறைகளை ஒப்பிட்ட எம்.டி.ஏ. ஆய்வில், அளவை இப்படிக் கவனமாகத் தேடி மாதந்தோறும் கண்காணித்த பிள்ளைகள், வழக்கமான சிகிச்சையில் இருந்த பிள்ளைகளைவிட நன்றாகத் தேறினார்கள். இத்தனைக்கும் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் பெரும்பாலோரும் மருந்து சாப்பிட்டவர்களே. (அவர்கள் ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள், ஆனாலும் முறை இதுவே.)

எரிச்சல் எந்த நேரத்தில் வருகிறது என்பதை மட்டும் ஒரு வாரம் எழுதி வையுங்கள். மாத்திரை போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பையன் வாடி, சுருங்கி, பேச்சற்று இருந்தால் அளவு மிஞ்சியிருக்கலாம். நான்கு மணி நேரம் கழித்து, அதாவது டியூஷன் நேரத்தில், சிடுசிடுப்பு வந்தால் மருந்து வடியும்போது ஏற்படும் தொந்தரவாக இருக்கலாம்; அதற்கு அளவைக் கூட்டுவதைவிட வகையையோ நேரத்தையோ மாற்றுவதே பொருத்தமாக இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் தோன்றுகிறது, ஆயினும் முடிவு மருத்துவருடையது. நீண்டநேர மாத்திரைக்கு மாறினால் அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது.

பதில்: பாலக்காடு மருந்தாளுநர்

கடைகளில் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. மெத்தில்ஃபெனிடேட் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் எக்ஸ் அட்டவணையில், அதாவது கூடுதல் கட்டுப்பாட்டுடன் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில், உள்ளது. இதை விற்கத் தனி உரிமம் வேண்டும், மருத்துவர் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும், ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சின்னக் கடைக்காரர்கள் இந்தத் தொல்லைக்கு வருவதில்லை. தொலைவழி மருத்துவத்துக்கான 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இவ்வகை மருந்துகளை வீடியோ அழைப்பில் எழுதித் தரவும் இயலாது. மருத்துவரைப் பார்த்த அன்றே கோவையில் வாங்கிக்கொண்டு, சீட்டின் நகலையும் ரசீதையும் உடன் வைத்துக்கொண்டு வாளையாறு கடப்பதே சுலபம்.

பதில்: வேலந்தாவளம் தந்தை

எங்கள் மகளுக்கு நீண்டநேர மாத்திரைதான். மாத்திரைக்கு முன்பே வயிறு நிறைய இட்லி, முட்டை கொடுத்துவிடுவோம். மதியம் அவள் கொறிப்பதோடு சரி, வற்புறுத்துவதில்லை. பசி திரும்புகிற இரவில் முழுச் சாப்பாடு. உயரமும் எடையும் தவறாமல் அளந்து மருத்துவரிடம் காட்டுகிறோம், அவர் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்.

கொழிஞ்சாம்பாறை அம்மா

அனைவருக்கும் நன்றி. இன்றே நேரக் குறிப்பைத் தொடங்குகிறேன். அடோமாக்செட்டின் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கோவை சிறப்பாசிரியர்

அது மெத்தில்ஃபெனிடேட்டைப் போல ஊக்கி (மூளையின் செயல்பாட்டைத் தூண்டும்) வகை மருந்து அல்ல. எக்ஸ் அட்டவணைக் கெடுபிடியும் அதற்கு இல்லை. அதை எடை பார்த்தே கொடுப்பார்கள்: கிலோவுக்கு அரை மில்லிகிராமில் தொடங்கி 1.2 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுபோவது வழக்கம், 40 கிலோ பையனுக்கு 20இலிருந்து 48 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் நீடிக்கும், ஆனால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். தேர்வு நெருங்கியிருக்கும்போது மாறுவதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மனச்சோர்வுக்கான ஃபுளுவாக்செட்டின் போன்ற மருந்து ஏற்கெனவே சாப்பிட்டால் அவசியம் தெரிவியுங்கள், அது அடோமாக்செட்டினின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். வளரிளம் பிள்ளைகள் சிலருக்குத் தொடக்க வாரங்களில் தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கையும் இம்மருந்துக்கு உண்டு. பையனின் பேச்சில் அப்படி எதுவும் தென்பட்டால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.