அடுக்ககத்துக்குள் சாண்டர் பயன்படுத்தும்போது எழும் தூசியைக் கட்டுப்படுத்துவது எப்படி?

கேள்வி: மூன்றாம்மாடி

வணக்கம். எங்கள் அடுக்கக வீட்டின் தேக்குக் கதவில் உள்ள பழைய வார்னிஷை நீக்கிவிட்டுப் புதிதாகப் பாலிஷ் செய்வதற்காக, 125 மி.மீ. தகடு கொண்ட ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் (உப்புத்தாள் மாட்டிய வட்டத் தகட்டால் மரத்தைத் தேய்க்கும் மின்கருவி) ஒன்றை வாங்கியுள்ளேன். அதனுடன் வந்த துணிப்பையை மாட்டியே தேய்த்தாலும், சிறிது நேரத்திலேயே கூடம் முழுவதும் மாவு போன்ற தூள் படிந்துவிடுகிறது. கதவை வெளியே கொண்டுசெல்ல இடமில்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ள தாயார் இருக்கிறார். வீட்டு வேக்குவம் கிளீனரை இதனுடன் இணைக்கலாமா? அல்லது முகக்கவசம் அணிந்தாலே போதுமா?

மறுமொழி: இழைப்புளி

அந்தப் பை கரடுமுரடான தூளை மட்டுமே பிடிக்கும். நுரையீரல்வரை செல்லக்கூடிய நுண்தூள் துணியின் இழைகளுக்கு இடையே வெளியேறி, நெடுநேரம் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தரும். ஆகவே முகக்கவசம் கடைசி அரண்தான்; தூள் பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்சிவிடுவதே முதல் வேலை.

வேக்குவத்தை இணைப்பதற்கு முன்பு உப்புத்தாளைக் கழற்றிப் பாருங்கள். தாளின் துளைகள் தகட்டின் துளைகளோடு நேராகப் பொருந்தாவிட்டால், எவ்வளவு வலுவான உறிஞ்சியை மாட்டினாலும் பயனில்லை; பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வலைபோன்ற சாண்டிங் வட்டு கிடைத்தால் வாங்குங்கள். அதில் பரப்பு முழுவதுமே துளைகள் என்பதால் பொருத்தும் தொல்லையே இல்லை. குழாயின் விட்டம் சாண்டரின் வாயோடு சேராமல் போவது வழக்கம். அதற்கான ரப்பர் அடாப்டர் கிடைக்காவிட்டால், சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி மாட்டி, இருபுறமும் கிளிப் போட்டு இறுக்கினால் காற்று கசியாது.

தகட்டை மரத்தின்மேல் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். சுழலும்போதே தூக்கினால் தூள் நாற்புறமும் சிதறும்.

மறுமொழி: சுற்றுக்காற்று

மேலே சொல்லப்பட்டதில் ஒரு திருத்தம் வேண்டும். சாதாரண வீட்டு வேக்குவம் கிளீனர் முன்னால் உறிஞ்சிய நுண்தூளைப் பின்புறக் காற்றோடு அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடும்; ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் அது தூசியை இடம் மாற்றுவதாகவே முடியும். நுண்தூளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள கருவியையே பயன்படுத்துங்கள். வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, நடுவில் ஒரு மூடிய வாளியின்மேல் சைக்ளோன் பிரிப்பானை வைத்தால், பெரும்பகுதித் தூள் சுழன்று வாளிக்குள்ளேயே விழுந்துவிடும். உறிஞ்சும் விசை மிகுந்தாலும் தகடு மரத்தோடு ஒட்டிக்கொண்டு வட்டவட்டமாகக் கீறல் விழும். குழாய்க் கைப்பிடியில் உள்ள காற்றுத் திறப்பைச் சற்றே திறந்து விசையைக் குறையுங்கள்.

அறைக் கதவின் அடியில் ஈரத்துணியை அடைத்து, மின்விசிறியை ஜன்னலருகே வெளிப்புறம் நோக்கி வைத்து, சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசம் தேவை. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். அறுவை சிகிச்சைக் கவசம் இதற்கு உதவாது. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல், தூள் அடங்கிய பின் ஈரத்துணியால் துடையுங்கள். வார்னிஷ் கலந்த தூள் குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றும் வாய்ப்பும் உண்டு. பையை அன்றாடம் வீட்டுக்கு வெளியே கொட்டிவிடுவது நல்லது.

மூன்றாம்மாடி

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு ஐயம்: இது எங்கள் பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவந்த கதவு. இதன் உட்புறத்தில் பச்சை எனாமல் பெயின்ட் பல பூச்சுகளாக உள்ளது. அதையும் இதே முறையில் தேய்த்துவிடலாமா?

மறுமொழி: இழைப்புளி

அந்தப் பக்கத்தைச் சாண்டரால் தொடவே வேண்டாம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்று கருதியே வேலை செய்ய வேண்டும். ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

ஆய்வகத்தில் ஒரு சிறு துணுக்கைச் சோதிக்கக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். இயலாவிட்டால், பெயின்ட் ரிமூவர் தடவி ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே தகட்டால் சுரண்டி எடுங்கள். டைக்குளோரோமீத்தேன் கலந்த ரிமூவரை மூடிய அறையில் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து என்பதால், டப்பாவில் உள்ள சேர்மப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். சுரண்டிய கழிவைப் பிளாஸ்டிக் விரிப்போடு சேர்த்துச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். அந்த வேலை நடந்து, அறையை ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை தாயார் வேறு வீட்டில் தங்குவதே சரி.