குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி: மருந்தடிக்கவா, குளவியை நம்பவா?

ஆத்தூர் மேட்டுக்காடு:
ரெண்டு ஏக்கர் முள்ளுவாடி ரகக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), அஞ்சாம் மாசம். கொழுந்தெல்லாம் சுருண்டு கொத்தா நிக்குது, பிரிச்சா வெள்ளை மாவு. பப்பாளி மாவுப்பூச்சி வந்தப்ப குளவி விட்டு அடங்குச்சே, அதே குளவி இப்ப ஏன் கேக்கல? மருந்துக்கடையில புரோபனோபாஸ் அடிக்கச் சொல்றாங்க. சில பூச்சி பழுப்பா காஞ்சு இலையிலேயே ஒட்டிக் கிடக்குது, அது என்ன?

கிழங்குக்காட்டுக்காரி:
அண்ணா, மருந்து மட்டும் வேண்டாம். ஒரு பூச்சியைக் கவனிங்க. உடம்பு மஞ்சளா இருந்தா பப்பாளிப் பூச்சி. இளஞ்சிவப்பா இருந்தா 2020-ல திருச்சூர்ல முதல்ல தெரிஞ்ச மரவள்ளி மாவுப்பூச்சி, அது வேற இனம். பப்பாளிக்கு வந்த அசிரோபேகஸ் குளவி இதைத் தொடாது.

இதுக்குன்னே இருக்கறது அனகைரஸ் லோபெசி. 1981-ல பராகுவேல கண்டெடுத்து, ஆப்பிரிக்காவுல மரவள்ளியைக் காப்பாத்தின குளவி. ஆப்பிரிக்காவுல இருக்கற பெனின் நாட்டுல இருந்து பெங்களூரு வந்து, 2022 மார்ச்சுல நம்ம ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல விட்டாங்க. ஒரு மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் பெருசா, கறுப்பா இருக்கும்; கொட்டாது.

நீங்க பார்த்த பழுப்புக்கூடு அதோட பிள்ளைப்பேறுதான்! பெண் குளவி ஒரு பூச்சிக்குள்ள ஒரு முட்டை வைக்கும். புழு உள்ளேயே தின்னு வளர, பூச்சித் தோல் கூடா இறுகிடும். சின்னப் பூச்சியில பெரும்பாலும் ஆண், பெருத்ததுல பெண். முட்டை வைக்காத சிலதையும் குத்திச் சாறு குடிச்சுக் கொன்னுடும். இப்ப மருந்தடிச்சா முதல்ல சாகறது இதுதான், மாவுப்பூச்சி மெழுகுக்குள்ள தப்பிச்சுக்கும். அதை நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது.

ஆத்தூர் மேட்டுக்காடு:
உடம்பு சிவப்புதான் தங்கச்சி. கொழுந்தைக் கிள்ளி எரிக்கச் சொல்றாங்களே?

கிழங்குக்காட்டுக்காரி:
எரிச்சா குளவியும் போகும். பழுப்புக்கூடு இருக்கற கொழுந்தைக் கண்ணாடி பாட்டில்ல போட்டு மெல்லிசு துணி கட்டி வைங்க. குளவி கூட்டுல வட்டமா ஓட்டை போட்டு வெளிய வரும், சாயங்காலமா காட்டுலயே திறந்து விட்டுடுங்க. எறும்பு வரிசை இருந்தா அதை முதல்ல விரட்டுங்க, மாவுப்பூச்சி விடற இனிப்பான தேன்கழிவுக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிக்கும்.

வாழப்பாடி சேகோ:
வெள்ளை மெழுகோட வேகமா ஓடற புழுவையும் நசுக்கிடாதீங்க. அது பொறிவண்டுப் புழு, மாவுப்பூச்சியைத் தின்னும்.

கிழங்குக்காட்டுக்காரி:
ஆமாங்க, அது முக்கியம். அண்ணா, அடுத்த நடவுக்கு இந்தக் காட்டுக் கரணையை (நடற குச்சித் துண்டை) எடுக்காதீங்க, யாருக்கும் குடுக்கவும் வேண்டாம். கரணையோடதான் பூச்சி ஊர் மாறுது. நல்ல மழை பெஞ்சா மாவுப்பூச்சியை நிறையக் கழுவிட்டுப் போகும். கோடையிலதான் கொழுந்தை அடிக்கடி பார்க்கணும்.